வைஃபையில் ஃபைல் காப்பி: 3 எம்பியிலிருந்து 50 எம்பிக்கு வந்த இரண்டு வருடக் கதை

லேப்டாப்பில் சேரும் படங்களையும் வீடியோக்களையும் அடுத்த அறையில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு வாரம் ஒருமுறை மாற்றிவைப்பது என் வழக்கம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 ஜிபி வரும். இரண்டு கணினியும் ஒரே ரூட்டரில், இரண்டும் வைஃபையில். காப்பி ஆகும்போது வேகம் வினாடிக்கு 3 எம்பி என்று காட்டும். முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். சில நாள் 1 எம்பிக்கு இறங்கிவிடும், அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

முதலில் பழி விழுந்தது ரூட்டர் மேல். இணைய வேகச் சோதனை ஓட்டினேன், தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன், ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு எல்லா ஃபோனிலும் பாஸ்வேர்டை மறுபடி போட்டுக் கொடுத்து வீட்டில் திட்டும் வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. மாற வழியும் இல்லை என்று இப்போது தெரிகிறது. வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃபைல் இணையத்துக்குப் போவதே இல்லை, ரூட்டர் வரை போய்த் திரும்பிவிடுகிறது. ஒருநாள் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டே காப்பி செய்து பார்த்தேன். அதே 3 எம்பி.

இன்னொரு குழப்பம் அலகில். ரூட்டர் அட்டைப்பெட்டியிலும் இணையத் திட்டத்திலும் போடுவது மெகாபிட் கணக்கு. காப்பி ஆகும்போது காட்டுவது மெகாபைட், அதாவது எம்பி. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுக்காமல் ஒப்பிட்டுக்கொண்டு பல நாள் வீணாகப் புலம்பியிருக்கிறேன்.

உருப்படியாகச் செய்த முதல் காரியம் ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரலை இரண்டு கணினியிலும் போட்டதுதான். ஒன்றில் அதைக் காத்திருக்கச் சொல்லி, மற்றதிலிருந்து தரவை அனுப்பினால், டிஸ்க்கைத் தொடாமலே நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளந்து சொல்லும். எனக்கு வந்தது 27 மெகாபிட் சொச்சம், அதாவது 3 எம்பிக்குச் சற்று மேல். ஆக, ஹார்ட் டிஸ்க், ஆன்டிவைரஸ் இரண்டும் நிரபராதிகள். குற்றவாளி காற்றில்தான் இருக்கிறான்.

வைஃபை ஸ்டேட்டஸில் பார்த்தால், டெஸ்க்டாப்பில் வைஃபைக்காகச் செருகியிருந்த பழைய யுஎஸ்பி டாங்கிள் 72 மெகாபிட்டில் இணைந்திருந்தது. அதற்கு ஒரே ஆன்டெனா, ரூட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் 2.4 மட்டும். லேப்டாப் அதே அலைவரிசையில் 144. இந்த எண்களில் கையில் கிடைப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், மீதி வைஃபையின் சொந்தச் செலவுக்குப் போய்விடும். அப்படியென்றால் டாங்கிளுக்கு ஒரு 40 வரவேண்டுமே, ஏன் 27?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த அன்றுதான் எனக்கு வைஃபை புரிந்தது. லேப்டாப் நேராக டெஸ்க்டாப்போடு பேசுவதில்லை. ஒவ்வொரு துண்டும் முதலில் காற்றில் ரூட்டருக்குப் போகிறது, பிறகு அதே காற்றில் ரூட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு வருகிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரே ஃபைலை இரண்டு தடவை சுமக்கிற மாதிரி. லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு 80, ரூட்டரிலிருந்து டாங்கிளுக்கு 40 என்று வைத்து, இரண்டுக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: சரியாக 27 வருகிறது. எதுவும் பழுதாகவே இல்லை. நான் அமைத்துவைத்திருந்த விதத்துக்கு அதுதான் முழு வேகம்.

சரி, அந்த 1 எம்பி நாட்கள்? அவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்த நாட்கள் என்பதைக் கவனிக்கவே ஒரு மாதம் ஆனது. டிஸ்க்கின் யுஎஸ்பி 3.0 கேபிளும் டாங்கிளும் டெஸ்க்டாப்பின் பின்பக்கம் ஒட்டி ஒட்டிச் செருகப்பட்டிருந்தன. யுஎஸ்பி 3.0 வெளியிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்து விழும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேசை மேல் கொண்டுவந்து வைத்தேன். டிஸ்க் ஓடும்போதும் 3 எம்பி நின்றது. இந்த இரண்டு வருடத்தில் மிகக் குறைந்த உழைப்பில் கிடைத்த பலன் இதுதான்.

அப்புறம் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், டாங்கிளை 2.4லேயே விட்டேன். ரூட்டருக்கு இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனி ரேடியோ இருப்பதால் இரண்டு சுமையும் இப்போது வெவ்வேறு பாதையில் போயின. வேகம் 5 எம்பி. காசு செலவில்லாமல் இதுவே அதிகம். அதன்பின் டாங்கிளைத் தூக்கிவிட்டு 866 மெகாபிட் காட்டும் வைஃபை அடாப்டர் ஒன்றைப் போட்டேன். இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரே சேனலைப் பங்குபோட்டுக்கொண்டும் 27, 28 எம்பி வந்தது. ஏழெட்டு மாதம் அதிலேயே திருப்தியாக இருந்தேன்.

டெஸ்க்டாப்பை ரூட்டரில் கேபிளில் கட்டிவிட்டால் காற்றில் ஒரு சுமை மட்டும்தான் மிஞ்சும், வேகம் இரட்டிப்பாக வேண்டும். டிராயரில் கிடந்த ஈத்தர்நெட் கேபிளை எடுத்து மாட்டினேன். வேகம் 11.3 எம்பிக்கு இறங்கியது! வைஃபையைவிடக் கேபிள் மெதுவாகப் போகுமா என்று சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. துப்பு கொடுத்தது காப்பி ஆகும்போது திரையில் ஓடும் வேக வரைபடம். வைஃபையில் அது எப்போதும் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும். இப்போது அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கோடு அப்படி நேராகப் போனால் எங்கோ ஓரிடத்தில் உச்சவரம்பு இடிக்கிறது என்று அர்த்தம். 11 எம்பி சொச்சம் என்பது 100 மெகாபிட் இணைப்பின் கையெழுத்து. ரூட்டர் போர்ட், கணினி போர்ட் இரண்டும் கிகாபிட், அதாவது 1000 மெகாபிட். மிச்சம் கேபிள். அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். வேறு கேபிள் மாட்டியதும் வேகம் 50ஐத் தாண்டியது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஃபோல்டர் மட்டும் நத்தையாக நகர்ந்தது. உள்ளே இருபதாயிரத்துக்கும் மேல் குட்டிக் குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று போய்வரும் பேச்சுதான் நேரத்தைத் தின்கிறது, இதற்கு எந்த ரூட்டரும் மருந்தில்லை. சுருக்காமல் வெறுமனே ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புகிறேன். விண்டோஸில் இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பி நிரலில் பல ஃபைல்களை ஒரே நேரத்தில் அனுப்பவும் வழி உண்டு.

போன வருடம் மறுபடி ஒருநாள் வேகம் சரிந்தது. ரூட்டர் அப்டேட் ஆனபோது இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டுவிட்டது. லேப்டாப் தூங்கி எழும்போதெல்லாம் 2.4இல் போய் ஒட்டிக்கொண்டது. பெயர்களை மறுபடி பிரித்துவைத்தேன். வீட்டின் கடைக்கோடிக்குப் போனால் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

இப்போது 30 ஜிபிக்குப் பத்து நிமிடம் ஆகிறது. நான்கு கம்பிக் கேபிளைத் தூக்கி எறியவில்லை. ‘100 மட்டும்’ என்று சீட்டு ஒட்டி பிரிண்டருக்கு மாட்டியிருக்கிறேன்.