சொதி ஸ்பகெட்டியா, சீஸ் இடியப்பக் கொத்தா?

வெள்ளவத்தை வீட்டுக்கு இரவு 7 மணிக்கு மேல் வந்து சேரும் நாட்களில் எங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான்.

சொதி ஸ்பகெட்டிக்கு வெள்ளை சோஸ் வேண்டாம், தேங்காய்ப்பால் சொதியே போதும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, துளி வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் அவிய வேண்டும், முதற்பால் கடைசியில். ஸ்பகெட்டியை முக்கால் பதத்தில் வடித்து, மீதியைச் சொதியிலேயே வேகவிட்டால் அதன் மாப்பசை இறங்கிச் சொதி தடிக்கும், இழையிலும் ஒட்டிக்கொள்ளும். தேசிக்காய்ப்புளி அடுப்பை அணைத்த பிறகுதான். ஒருமுறை அவசரத்தில் கொதிக்கும்போதே விட்டேன். பால் திரைந்துபோய், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். மாமி மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அது இன்னும் மோசம்.

கொத்து சுலபம். காலையில் மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து, முட்டை, லீக்ஸ், கரட்டோடு கிளறி, இறக்கும்போது சீஸ் துருவிப் போட்டால் சரி. நேற்றைய கோழிக்கறிக் குழம்பு இருந்தால் இரண்டு கரண்டி. ஆனால் சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் சீஸ் இறுகிக் கட்டியாகிவிடும்.

என் வாக்கு சொதிக்கு. பிள்ளைகள் கொத்துக் கட்சி.