பிசிவி வால்வா, கேட்ச் கேனா? பழைய மைவி காருக்கு நான் எடுத்த முடிவு

இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவர் ஓரமாக எண்ணெய் கசிந்தது, அதன் சீலான கேஸ்கெட்டை மாற்றினேன், மூன்றே மாதத்தில் மறுபடி கசிவு. அப்புறம்தான் செந்தூலில் ஒரு மெக்கானிக் அண்ணன் பிசிவி வால்வைக் கழற்றி என் காதருகே குலுக்கிக் காட்டினார். நல்ல வால்வு கடகடவென்று ஆடும். இது ஊமையாக இருந்தது, உள்ளே கருப்புப் பசை.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையை, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சல் இந்த வால்வு வழியாக இழுத்து மறுபடி எரிய வைக்கிறது. வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே சீல் இளைத்திருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும். பாவம், பழி விழுந்தது கேஸ்கெட் மேல். எனக்கு அடைத்ததற்குக் காரணம் குட்டி ஓட்டம்: பள்ளிக்கூடம், பாசார், வீடு என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்ஜினை அணைத்தால், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகும் அளவுக்கு எண்ணெய் சூடேறுவதே இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் பசை ஒட்டியிருந்தது.

வால்வைக் கிளீனர் அடித்துக் கழுவலாம்தான், ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது வீண் வேலை. புதுசுக்கு நான் கொடுத்தது 38 வெள்ளி (ரிங்கிட்).

மச்சான் மட்டும் கேட்ச் கேன் மாட்டச் சொல்லி விடவே இல்லை. வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உட்கார்ந்து எண்ணெய்ப் பனியைப் பிடித்து வைக்கும் டப்பா அது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காருக்கு அதில் அர்த்தம் உண்டு, அங்கே பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவாது, கரி படியும். என் மைவியில் பெட்ரோல் அந்த வழியாகவே போகிறது. தவிர, அடைத்த வால்வை டப்பா சரிசெய்யாது.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. டப்பாவை மறக்காமல் வடிக்க வேண்டும், நிரம்பிவிட்டால் சேர்ந்த எண்ணெயை இன்ஜின் மொத்தமாக இழுக்கும். வடிப்பதில் தண்ணீரும் பெட்ரோலும் கலந்திருக்கும், மறுபடி இன்ஜினில் ஊற்றவும் முடியாது. மச்சான் வண்டியில் மலிவான ஹோஸ் எண்ணெயில் ஊறி மெத்தென்றாகி, காற்று ஒழுகி, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் உதறியது. நல்ல ஹோஸ் போட்டிருந்தால் தப்பியிருக்கலாம், எனக்குத் தெரிந்தது அவன் ஒருவன் கதைதான்.

மின்யாக் ஹீத்தாம் (இன்ஜின் ஆயில்) மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்கிறேன். இதுவரை கடகடக்கிறது.