பழைய பேக்ஹோவின் கிளட்ச்: நாமே பிரிப்பதா, பட்டறைக்கு விடுவதா?

முதலில் உங்கள் வண்டி எது என்று பாருங்கள். ஜேசிபி 3டிஎக்ஸ் மாதிரி வண்டிகளில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். முன்னே பின்னே ஓட்டும் கிளட்ச் பேக்குகள் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயில் மூழ்கி ஓடும். அதில் வீட்டில் கை வைக்க வேண்டாம், பட்டறைதான் சரி. நான் சொல்வது, டிராக்டரில் முன்னால் மண் அள்ளும் லோடரும் பின்னால் குழி தோண்டும் பேக்ஹோவும் மாட்டிய பழைய வண்டி. அதில் காலால் மிதிக்கும் உலர் கிளட்ச்.

பிளேட்டைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. அதைப் போய்த் தொடுவதுதான் பெரிய வேலை. டிராக்டருக்குத் தனியாக சேஸி கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் சேர்ந்ததே அதன் முதுகெலும்பு. அதனால் வண்டியை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். நம் வண்டியில் லோடர் சட்டம் வேறு இரு பக்கமும் முன்னிருந்து பின் வரை ஓடுகிறது. வெறும் டிராக்டரில் ஒரு நாளில் முடிகிற வேலை இதனால் இரண்டு மூன்று நாளாக இழுக்கும்.

பட்டறையில் செயின் பிளாக் இருக்கும், பழகிய கைகள் இருக்கும். ஆனால் சட்டம் கழற்றும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோகும் செலவும் உண்டு. வீட்டில் செய்தால் அந்தக் காசு மிச்சம். அதற்கு மேடுபள்ளம் இல்லாத சிமென்ட் தரையும் நல்ல ஜாக்கிகளும் கூட ஒரு ஆளும் வேண்டும். மண் தரையில் இதைத் தொடாதீர்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊசலாடுவது. இரு பக்கமும் மரக்கட்டையால் ஆப்பு அடிக்காமல் பிரித்தால் இன்ஜின் பாதி அப்படியே பக்கவாட்டில் சாயும். உயிர் போகிற இடம் இது.

எனக்குச் சரிப்பட்டு வந்தது மூன்றாவது வழி. லோடர், பேக்ஹோ, ஹோஸ், சட்டம் எல்லாவற்றையும் நாமே கழற்றி வைத்துவிட்டு, பிரிக்கும் நாளுக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுவது. பேக்ஹோவின் கையான பூமையும் பக்கெட்டையும் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை அசைத்து அழுத்தத்தை விட்ட பிறகே ஹோஸில் ஸ்பேனர் வையுங்கள். இரண்டு பிளேட் உள்ள டூயல் கிளட்ச் என்றால், பிரஷர் பிளேட்டை இழுத்து விடுவிக்கும் ஃபிங்கர்களின் உயரம் எல்லாம் ஒரே அளவில் நிற்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் வண்டி உதறும், கியர் கரகரக்கும். அந்த அளவைப் பழகிய கைக்கே விடலாம்.

அடுத்து, பழைய பிளேட்டுக்கு லைனிங் (உராயும் மேல்பட்டை) மட்டும் புதிதாக அடிப்பதா, புது செட்டா? லைனிங் அடிப்பது மலிவு. ஆனால் அது தேய்ந்த ஹப் ஸ்ப்லைனையோ (பிளேட் நடுவில் ஷாஃப்ட் நுழையும் பல் வரிசை) தளர்ந்த ஸ்ப்ரிங்கையோ சரிசெய்யாது. வெறும் டிராக்டராக இருந்தால் ஒருவேளை ஒத்துக்கொள்வேன். சட்டம் கழற்றும் வண்டிக்குப் புது செட்தான். நான் ஒருமுறை லைனிங் அடித்துப் போட்டேன், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க எண்ணெய் சீலையும் மாற்றவில்லை. சில மாதத்தில் எண்ணெய் கசிந்து புது லைனிங் நனைந்து ஸ்லிப் ஆனது. மறுபடி அத்தனை போல்ட்டும் கழற்றினேன். அப்புறம் ஒவ்வொரு முறையும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், இன்ஜின் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் உள்ள சீல் எல்லாம் ஒன்றாகவே மாற்றுகிறேன். ஃபிளைவீல் முகத்தில் சூட்டு வெடிப்பு இருந்தால் லேத்துக்குப் போய்விடும். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

சேர்க்கும்போது ஷாஃப்ட் ஸ்ப்லைனில் இறங்கவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்கக் கூடாது, பிளேட் ஹப் வளைந்துவிடும். ஃபிளைவீலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முகமும் இடைவெளி இல்லாமல் தானாக ஒட்டிய பிறகுதான் போல்ட்.