மனைப்பிரிவின் பூங்காவை யார் பராமரிப்பது? மூன்று ஏற்பாடுகள், ஓர் அலசல்

தமிழ்நாட்டில் மனை வாங்குவோர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் சாலையின் அகலத்தையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டப்பட்ட பூங்கா இடம் யார் பெயரில் இருக்கிறது, பத்து ஆண்டு கழித்து அதன் புல்லை வெட்டப்போவது யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகளுக்குப் போக மீதமுள்ள பரப்பில் பத்து விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 10,000 சதுர மீட்டர் வரை, இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி (அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) பணம் கட்டலாம். அதற்கு மேற்பட்ட பரப்பானால் இடத்தைத்தான் தந்தாக வேண்டும். பத்து ஏக்கர் நிலத்தில் சாலைக்கு மூன்று ஏக்கர் போனால், மீதமுள்ள ஏழு ஏக்கரில் பூங்காவுக்கு 70 சென்ட், அதாவது ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் கிரவுண்டு கிடைக்கும். புறநகர் விலையில் அது கண்ணை உறுத்தும் சொத்து என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்த ஏற்பாட்டையும் எடைபோட வேண்டும்.

பேச்சு வழக்கில் ‘ஓ.எஸ்.ஆர். (ஓபன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) இடம்’ எனப்படும் இந்தத் திறந்தவெளியை மூன்று விதமாக நிர்வகிக்கிறார்கள். உள்ளாட்சியிடம் ஒப்படைத்து, பராமரிப்பையும் அதனிடமே விட்டுவிடுவது ஒன்று. சுற்றுச்சுவரும் காவலரும் வைத்து, அனைத்தையும் குடியிருப்போர் சங்கத்தின் தனிப் பொறுப்பில் வைத்துக்கொள்வது இன்னொன்று. உரிமை உள்ளாட்சியிடம், பராமரிப்பு மட்டும் எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் சங்கத்திடம் என்பது மூன்றாவது.

முதலாவது ஏற்பாட்டின் பலம் உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. சாலைகளையும் பூங்காவையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த பிறகே மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் கிடைக்கிறது. பத்திரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி மாநகராட்சி தொடர்பாக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நல்ல விளக்கம்: வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தை உரிமையாளர் பிறகு விற்க முடியாது, குடியிருப்பவர்களின் நன்மைக்காக அறங்காவலர் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும், ஆனால் உரிமை தானாக மாநகராட்சிக்குப் போய்விடுவதும் இல்லை. பத்திரம் முறையாகப் பதிவாகிவிட்டால் இந்த இழுபறிக்கு இடமில்லை. பூங்காவாகக் குறிக்கப்பட்ட இடத்தை அரசே நினைத்தாலும் எளிதில் வேறு பயனுக்கு மாற்றிவிட முடியாது என்பதை 1991-இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு உறுதிசெய்தது. அங்கே பூங்கா இடம் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டபோது, அந்தப் பகுதிவாசிகள் வழக்குத் தொடுக்க உரிமை உள்ளவர்கள் என்று நீதிமன்றம் ஏற்று, ஒதுக்கீட்டை ரத்து செய்தது.

பராமரிப்பில்தான் இந்த ஏற்பாடு சறுக்குகிறது. மாநகராட்சிகளில் பூங்காத் துறை உண்டு, ஒப்பந்ததாரர் உண்டு, ஏதோ ஒரு நாள் தண்ணீர் லாரியாவது வரும். புதிய மனைப்பிரிவுகள் பெரும்பாலும் முளைப்பதோ ஊராட்சி எல்லைகளில். தெருவிளக்குக்கும் குடிநீருக்குமே திண்டாடும் ஊராட்சி பூங்காவுக்குத் தோட்டக்காரரை அமர்த்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. எனவே முதல் மழைக்குப் பார்த்தீனியமும் இரண்டாம் ஆண்டில் சீமைக் கருவேலமும் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஒரு மூலையில் மின்மாற்றி, இன்னொரு மூலையில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஈசானிய மூலையில் சிறியதொரு பிள்ளையார் மேடை, அதற்குத் தகரக் கூரை, பிறகு கான்கிரீட் என்று இடம் சுருங்குகிறது. இவற்றில் எதுவும் தீய நோக்கத்துடன் வருவதில்லை என்பதே சிக்கல். அங்கன்வாடி வேண்டாம் என்று எந்தச் சங்கம் மனுக் கொடுக்கும்?

சுற்றுச்சுவர் ஏற்பாட்டைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதற்கும் சட்டம் சொல்வதற்கும் இடைவெளி அதிகம், அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ‘கேட்டட் கம்யூனிட்டி மனைகள்’ என்று விற்கப்படும் பலவும் சட்டப்படி சாதாரண மனைப்பிரிவுகளே. அவற்றின் சாலைகள் ஏற்கெனவே தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டதால் அவை பொதுச் சாலைகள். வாயிலில் கம்பி போட்டு வருவோரை நிறுத்திக் கையெழுத்துக் கேட்பதற்கு அக்கம்பக்கத்தார் பெருந்தன்மையைத் தவிர வேறு ஆதாரமில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வழிமறிப்பு என்று புகார் கொடுத்தால் அந்தக் கம்பி நிற்காது. கட்டடத் திட்டமாக ஒப்புதல் பெற்று, நிலத்தைத் தனித்தனி மனையாகப் பிரிக்காமல் பங்காக (யு.டி.எஸ்.) விற்கும் வில்லா திட்டங்கள் வேறு வகை. அங்கே உள்சாலைகள் உண்மையிலேயே உரிமையாளர்களின் பொதுச் சொத்து. ஆனால் அங்கும் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளி ஒதுக்கீடு உள்ளாட்சிக்குத்தான் போகிறது. ஆக, முன்பதிவுத் தொகை கொடுக்கும் முன் கேட்க வேண்டியது, ஒப்புதல் மனைப்பிரிவுக்கா கட்டடத் திட்டத்துக்கா என்பதே.

பணத்தைப் பொறுத்தவரை, அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் அனேகமாகக் குடியேறிவிடுவார் அல்லது வாடகைக்கு விடுவார். மனை வாங்கியவர் முதலீடாக அப்படியே போட்டுவைப்பார், பலர் வெளிநாட்டில் இருப்பார். தோட்டக்காரர் சம்பளம் 15,000, மோட்டார் மின்கட்டணம் 3,000, சில்லறைச் செலவு 2,000 என்று மாதம் 20,000 ரூபாய் ஆகிறதென எடுத்துக்காட்டாகக் கொண்டால், நூறு மனைக்குத் தலைக்கு 200 ரூபாய்தான். ஆனால் கட்டப்பட்டிருப்பது 35 வீடுகளே என்றால் அதே செலவு வீட்டுக்கு 571 ரூபாய் ஆகிறது. இதற்கு மேல் காவலர் சம்பளமும் சேர்ந்தால் மாதாந்தரக் கூட்டமே சண்டைக்களமாகிவிடும். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் மனைகளுக்கு உதவாது. மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் அத்தியாவசியப் பணிகளைக் கவனிக்கும் கடமையை மனைப்பிரிவை உருவாக்கி விற்கும் மேம்பாட்டாளர் மீது சுமத்துகிறது. அவர் கடைசி மனையை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போன பிறகு அதைச் செயல்படுத்தவைப்பது தனி உழைப்பு.

தனியார் பராமரிப்பின் இந்த மனக்குறை இங்கே மட்டும் உள்ளதன்று. பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பதினொரு பெரிய வீடுகட்டும் நிறுவனங்கள் 2021-22-இல் விற்ற புதிய வீடுகளில் 80 விழுக்காட்டுக்கு இத்தகைய பராமரிப்புக் கட்டணம் உண்டு. பொதுவெளிகளை உள்ளாட்சியே கட்டாயமாக ஏற்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

சாதாரண மனைப்பிரிவுகளுக்கு என் தேர்வு மூன்றாவது ஏற்பாடுதான். உரிமை உள்ளாட்சியிடம் இருப்பதால் சங்கத்தின் பொறுப்பாளர்களோ மேம்பாட்டாளரின் வாரிசுகளோ பூங்காவில் கைவைக்க முடியாது. பராமரிப்பு சங்கத்திடம் இருப்பதால் கருவேலம் முளைக்கும் முன்பே யாராவது பார்ப்பார்கள். சங்கம் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருப்பதும், ஊராட்சியாக இருந்தால் மன்றத் தீர்மானம் பெறுவதும், ஒப்பந்தத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டுப் புதுப்பிப்பதும் தேவை. வெளியார் நுழைவதைத் தடுக்கக் கூடாது, நிலையான கட்டடம் எழுப்பக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் சங்கமே முன்வந்து எழுதிக் கொடுப்பது நல்லது. பிள்ளையார் மேடைக்கு மறுப்புச் சொல்ல வேண்டிய நாளில் அந்தத் தாள் தலைவரைக் காப்பாற்றும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மின் இணைப்பு பெரும்பாலும் மேம்பாட்டாளர் பெயரிலேயே இருந்துவிடுகிறது. அவர் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள், ஒரு கோடையில் புல் முழுதும் கருகிவிடும். எனவே பெயர்மாற்றத்தை ஒப்பந்தத்தோடு சேர்த்தே முடித்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கும் பணமே பலவீனம். பூங்கா எல்லாருக்கும் திறந்திருக்கும்போது நான் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாக எழும். விற்பனையின்போதே மனை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையைத் தொகுப்பு நிதியாக வாங்கி, சங்கத்தின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு, வட்டியில் அடிப்படைச் செலவைச் சமாளிப்பது ஒன்றே நடைமுறையில் தாங்கும் வழி.

நிலப்பயன்பாட்டு விதிகளில் மூன்று ஏற்பாடுகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கின்றன. முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் எது வரலாம், கலப்புக் குடியிருப்பு மண்டலத்தில் எது வரலாம் என்பதை விதிகள் தீர்மானிக்கின்றன. சங்கத்தின் துணைவிதிகள் அதற்கு மேல் கட்டுப்பாடு போடலாமே தவிர, மண்டலத்தில் இல்லாத அனுமதியை வழங்க முடியாது. மூலைமனையில் மாவு மில்லோ பட்டறையோ வந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டியது திட்ட அதிகாரியே. பதிவுபெற்ற சங்கத்தின் மனுவுக்கு அலுவலகத்தில் கிடைக்கும் மதிப்பு தனிநபர் மனுவுக்குக் கிடைப்பதில்லை. இந்த வகையில் இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதைவிட மேல்.

2016 அக்டோபர் 20-க்கு முன் அனுமதியின்றிப் பிரிக்கப்பட்டு, 2017-இன் விதிகளின் கீழ் வரன்முறைப்படுத்தப்பட்ட மனைப்பிரிவுகளுக்கு இந்த ஒப்பீடு அனேகமாகப் பயன்படாது. அவற்றில் பலவற்றில் பூங்காவுக்கென்று இடமே விடப்படவில்லை. அங்கே மனை வாங்குவோர் அந்தக் குறையை விலையில் கழித்துப் பேசுவதே பொருத்தம்.