முதுமலை சஃபாரி பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் சேலத்தவர்கள் கவனிக்க வேண்டியது

தங்கும் அறை, சாப்பாடு, சஃபாரி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டி, குறைந்த செலவில் குடும்பத்தோடு முதுமலைக்குப் போய்வரலாம் என்று சேலத்தில் விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். 2024 அக்டோபர் முதல் வாரத்தில், பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையில், நாங்கள் எட்டுப் பேர் அப்படியொரு பேக்கேஜில் பணம் கட்டி ஏமாந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் முகவரின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய முறை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் பிள்ளைகள் இருவரும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவைப் பலமுறை பார்த்தவர்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தின் ஓரம் காட்டெருமை நிற்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து, புலி இருக்கிற காட்டுக்குப் போக வேண்டும் என்று நச்சரிக்கத் தொடங்கினார்கள். சேர்வராயன் மலையில் புலிகள் காப்பகம் கிடையாது என்பதால் முதுமலை என்று முடிவு செய்தோம். நான், மனைவி, பிள்ளைகள், என் அம்மா, தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகன் என்று பெரியவர்கள் ஐவரும் சிறுவர்கள் மூவரும் கிளம்புவதாக ஏற்பாடு.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து முகவரைத் தொடர்புகொண்டேன். இரண்டு பகல், ஓர் இரவு, சேலத்திலிருந்து வேன், மூன்று அறைகள், நான்கு வேளைச் சாப்பாடு, இரண்டு சஃபாரி, பெரியவர்களுக்கு 5,500 ரூபாய், சிறுவர்களுக்கு 3,000 ரூபாய். மொத்தம் 36,500 ரூபாயில் 25,000 ரூபாயை முன்பணமாக ஜிபே மூலம் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை; ஏதோ ஒரு தனிநபரின் பெயர் திரையில் வந்தது. கேட்டதற்கு, “எங்க கணக்காளர் பேருதான் சார்” என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பணம் கட்டிய பிறகு ஒரு வவுச்சர் வந்தது. மேலே புலியின் படம், அதற்குக் கீழே திறந்த ஜீப்பில் சிலர் உட்கார்ந்திருக்கும் படம். நடுவில் ‘காட்டுக்குள் சஃபாரி – 2’ என்று எழுதியிருந்தது. முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, விடுதியின் பெயர்கூட இல்லை. ஊர் திரும்பிய பின்பு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஜீப்பின் எண் பலகை ‘ஆர்ஜே’ என்று தொடங்குவது தெரிந்தது. ராஜஸ்தான் வண்டியின் படத்தைப் போட்டு முதுமலைக்கு ஆள் சேர்த்திருக்கிறார்கள்.

விடியற்காலை நான்கு மணிக்குச் சேலத்திலிருந்து புறப்பட்டோம். நீலகிரிக்குள் நுழையும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்பது பலருக்கும் தெரியும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, கைபேசியிலேயே பதிந்துகொள்ளலாம். “அது எங்க பொறுப்பு” என்று முகவர் சொல்லியிருந்ததால் நாங்கள் பதியவில்லை. கல்லாறு சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தியபோதுதான் பாஸ் எடுக்கவே இல்லை என்பது தெரிந்தது. அங்கேயே ஓரமாக நின்று மாப்பிள்ளை பதிவு செய்தார். இது சிறிய விஷயம்தான். அடுத்து நடந்தது சிறியதன்று.

ஊட்டியைத் தாண்டித் தலைக்குந்தாவில் காவலர்கள் வேனைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் எங்கள் விடுதி இருந்த மசினகுடி மிக அருகில்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்தான பாதையில் விபத்துகள் தொடர்ந்ததால், வெளிமாவட்ட வண்டிகள் இறங்குவதற்கு அனுமதி இல்லை. எங்கள் வேனின் எண் டிஎன் 30. மாதம் தவறாமல் முதுமலைக்கு வண்டி அனுப்புவதாகச் சொல்லிக்கொள்ளும் முகவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. கூடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தூரம் இரு மடங்குக்கும் மேல். டீசல் கூடுதலாகச் செலவாகிறது என்று ஓட்டுநர் 1,200 ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு மூட்டுவலி. பத்து மணி நேரத்துக்கும் மேல் வேனில் உட்கார்ந்திருந்ததில் இறங்கி நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சுற்றிக்கொண்டு போனதில் ஒரு நன்மையும் இருந்தது. கூடலூரிலிருந்து மசினகுடிக்குப் போகும் வழியில்தான் தெப்பக்காடு இருக்கிறது. அங்கே வனத்துறையின் வரவேற்பு மையத்துக்கு முன்னால் சவாரி வேன் நிற்பதையும், மக்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்குவதையும் பார்த்தேன். நமக்கும் இங்கேதானே என்று ஓட்டுநரைக் கேட்டேன். “இல்ல சார், உங்களுக்கு மசினகுடியில ஜீப்பு” என்றார். எனக்கு அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது.

விடுதியைச் சேர்ந்தபோது மணி மூன்றரை. பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம். மூன்று அறைகளுக்குப் பதில் இரண்டு அறைகள். மூன்று பேருக்குத் தரையில் மெத்தை. மீதி 11,500 ரூபாயைக் கொடுத்தால்தான் சாவி தருவோம் என்று அங்கிருந்த பையன் சொன்னான். அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பசியில் இருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நிலையில் பேரம் பேச மனமில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். நான்கு வேளைச் சாப்பாட்டில் ஒரு வேளை அப்படிப் போயிற்று.

நாலரை மணிக்கு ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் உள்ளூர்க்காரர், இளைஞர், மரியாதையாகப் பேசினார். மாயார் சாலையில் கொஞ்ச தூரம், பிறகு சிங்காரா சாலை, பிறகு பொக்காபுரம் பக்கம் என்று ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். புள்ளிமான் கூட்டமும் மயில்களும் தெரிந்தன. வழியில் பால்காரர் சைக்கிளில் போனார், அரசுப் பேருந்து எதிரே வந்தது. இதுதான் காடா தம்பி என்று கேட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மறைக்காமல் சொன்னார்: “அண்ணா, தனியார் ஜீப்பு காப்பகத்துக்குள்ள போக முடியாது. ஃபாரஸ்ட் வண்டி மட்டுந்தான் போகும். நாங்க ஓட்டுறதெல்லாம் ஊர் ரோடு. உங்ககிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது.” எங்கள் சவாரிக்கு அவருக்குக் கிடைத்தது 1,500 ரூபாய் என்றும் சொன்னார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கிறவர் அவர்; ‘காட்டுக்குள்’ என்று எழுதி விற்றவர் வேறு ஆள்.

திரும்பும்போது பார்த்த ஒன்று இன்னும் மனத்தை உறுத்துகிறது. சாலையோரப் புதருக்குள் ஒரு பெண் யானை குட்டியோடு நின்றிருந்தது. எங்களுக்கு முன்னால் போன வேறொரு ஜீப்பில் இருந்தவர்கள், அது முகத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக ஹாரனை அடித்துக் கைதட்டினார்கள். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டது. தாய் காதை விரித்து இரண்டடி முன்னால் வந்து நின்றது. எங்கள் ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டு வண்டியைப் பின்னாலேயே எடுத்தார். இதே மசினகுடியில்தான் 2021 ஜனவரியில், எரியும் டயரை வீசியதில் காயப்பட்டு ஒரு காட்டுயானை செத்தது. மசினகுடியை உள்ளடக்கிய சீகூர்ப் பகுதி யானைகளின் வழித்தடம் என்று சொல்லி, அங்குள்ள விடுதிகளை அகற்றும் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்ததும் நாம் அறிந்ததே. பெயர்ப்பலகை இல்லாத, பதிவேட்டில் கையெழுத்து வாங்காத, ரசீது தராத ஒரு விடுதியில் என் குடும்பத்தைத் தங்கவைத்துவிட்டேனே என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு இரண்டு சப்பாத்தி, எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு சிறு தூக்கில் குருமா. மேற்கொண்டு கேட்டால் ஒரு சப்பாத்திக்கு 30 ரூபாய் என்றார்கள். அம்மா தன் தட்டில் இருந்ததை எடுத்து என் தங்கை மகனுக்கு வைத்துவிட்டு, “எனக்குப் பசியில்லப்பா” என்று தண்ணீரைக் குடித்தார். மருந்து சாப்பிட வேண்டியவர்.

சாப்பிட்டு முடித்ததும் விடுதிப் பையன் வந்து, இரவு சஃபாரிக்கு ஆளுக்கு 500 ரூபாய், பெரிய டார்ச் அடித்துக் காட்டுவோம், சிறுத்தை நிச்சயம் தெரியும் என்றான். நான் மறுத்துவிட்டேன். முதுமலையில் இரவு சஃபாரி என்று ஒன்று கிடையவே கிடையாது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பிடிபட்டால் கூட்டிப்போனவர் மட்டுமல்ல, வண்டியில் உட்கார்ந்திருப்பவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்து அறையில் இருந்த கோயம்புத்தூர்க் குடும்பம் கிளம்பத் தயாராக இருந்தது. நான் போய் விவரம் சொன்ன பிறகு அவர்களும் தங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை இரண்டாவது சஃபாரி ‘யானை நடமாட்டம்’ காரணமாக ரத்து என்றார்கள். நாங்களே தெப்பக்காட்டுக்குப் போய் வனத்துறை கவுன்டரில் வவுச்சரைக் காட்டினோம். அங்கிருந்த ஊழியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி எந்த முகவரோடும் தங்களுக்குத் தொடர்பில்லை, உங்கள் பெயரில் பதிவும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அன்று காலைச் சவாரிக்குச் சீட்டும் தீர்ந்திருந்தது. யானைகள் முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகு உருண்டை ஊட்டுவதைச் சொந்தக் காசில் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஊருக்கு வந்து கேட்டபோது முகவர் சொன்ன பதில் இது: “சஃபாரி போனீங்களா இல்லையா? வவுச்சர்ல ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்னு எங்கயாவது எழுதியிருக்கா?” எழுதியிருக்கவில்லை என்பது உண்மைதான். மோசடி முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. சஃபாரி என்றால் வனத்துறை வண்டியில் காப்பகத்துக்குள் போவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விற்கிறவர் ஊர்ச் சாலையில் ஜீப் ஓட்டுவதையும் அதே சொல்லால் விற்கிறார். ஆகவே பணம் கட்டும் முன்பு, யாருடைய வண்டி, எந்த இடத்திலிருந்து புறப்படும், சீட்டை யார் பெயரில் யார் வழங்குவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘தெப்பக்காடு வரவேற்பு மையம், வனத்துறை வாகனம்’ என்று எழுதித் தர மறுக்கிற முகவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புலி நிச்சயம் என்று சொல்கிறவரிடமும் அப்படியே. எந்த வண்டியில் போனாலும் புலி தெரிவது நம் கையில் இல்லை.

குறைந்த செலவில் போக ஆசைப்பட்டது எங்கள் தவறு என்று உறவினர் சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை, ஏனென்றால் நேர்மையான வழியும் செலவு குறைந்ததுதான். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு நாங்கள் நால்வர் மட்டும் மறுபடி போனோம். வனத்துறையின் ஓய்வில்லங்கள் தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் பகுதிகளில் இருக்கின்றன. காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். சவாரிச் சீட்டு ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். வெயில் காலத்தில் காட்டுத்தீ அபாயத்தால் காப்பகத்தை மூடிவிடுவதும் உண்டு என்பதால், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தங்குமிடம், உணவு, சஃபாரி மூன்றும் ஒரே கட்டணத்தில்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே பந்திப்பூரில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் இருக்கிறது. அது மலிவானதன்று, ஆனால் கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும்.

எங்கள் புகாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். முகவர் 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார், நான் ஏற்கவில்லை. பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியாகவே மனு செய்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நோட்டீஸ் போன அன்றே முகவர் தம் பழைய வாட்ஸ்அப் செய்திகள் பலவற்றை அழித்துவிட்டார். ‘வனத்துறை ஜீப்தான் சார், பயப்படாதீங்க’ என்று அவர் எழுதியதை என் மனைவி முன்பே படம் பிடித்து வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது. இப்போது எங்கள் மனுவில் முதல் ஆவணம் அதுதான். இதே போன்ற வவுச்சர் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் ஜிபே ரசீதையும் உரையாடலையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். மனு செய்ய இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.