யமஹா ஏராக்ஸ் 155இல் டாக்டர் புல்லி ஸ்லைடர்: டாப் ஸ்பீடு உண்மையில் எவ்வளவு கூடுகிறது?

ஸ்கூட்டரின் டாப் ஸ்பீடைக் கூட்ட விரும்புகிறவர்கள் முதலில் கைவைப்பது வேரியேட்டரில்தான், அதாவது வேகத்துக்கேற்ப பெல்ட்டை ஏற்றி இறக்கித் தானாகவே கியர் விகிதத்தை மாற்றும் முன்புல்லியில். எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை, இசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) தொட வேண்டியதில்லை; இடப்பக்க மூடியைக் கழற்றி, புல்லிக்குள் இருக்கும் சிறு எடைத் துண்டுகளான ரோலர்களை மாற்றினால் போதும். ரோலர்களுக்குப் பதிலாகப் போடும், தைவானில் தயாராகும் டாக்டர் புல்லி நிறுவன ஸ்லைடர்களை என்னுடைய ஏராக்ஸ் 155இல் பொருத்தி, நகர நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் நன்றாகப் பழகிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பொருள் தரமானது, வாங்கலாம். ஆனால், டாப் ஸ்பீடு ஒன்றையே எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருக்கும் முன்புல்லியின் ஒரு பாதி நிலையாகவும் மறுபாதி நகரும்படியும் அமைந்திருக்கிறது. சுழற்சி கூடக் கூட ரோலர்கள் வெளிப்புறம் ஒதுங்கி நகரும் பாதியை நெருக்க, நடுவே ஓடும் பெல்ட் மேலேறுகிறது. பின்புல்லி தன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு விரிந்து, பெல்ட்டை உள்ளே இறங்கவிடுகிறது. முன்னால் பெல்ட் எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அதுதான் வண்டியின் கடைசி கியர். வழக்கமான ரோலர் முழு உருளை. ஸ்லைடருக்கோ தட்டையான பக்கங்கள் உண்டு; அது உருளாமல் சரிகிறது, பாதையின் முடிவை எட்டும்போது தன் வடிவத்தால் புல்லியை இன்னும் சற்றுக் கூடுதலாக நெருக்குகிறது. டாப் ஸ்பீடு கூடும் என்ற பேச்சுக்கு அடிப்படை இந்தச் சிறு கூடுதல் நகர்வுதான்.

கடைகளில் பரவலாகக் கேட்கும் இன்னொரு பேச்சு, எடை குறைந்த ரோலர் போட்டால் டாப் ஸ்பீடு ஏறும் என்பது. இது பெரும்பாலும் தவறு. எடை குறையும்போது எஞ்சின் கூடுதல் ஆர்பிஎம்மில் ஓடுகிறது, பிக்கப் கூடுகிறது. ஆனால் பெல்ட்டை விளிம்புவரை ஏற்றும் விசை குறைந்துவிடுவதால், கடைசி கியரே முழுமையாகக் கிடைக்காமல் போகவும் கூடும். ஒரு கிராம் குறைந்த ஸ்லைடர்களையும் போட்டுப் பார்த்தேன். ஏராக்ஸில் 6000 ஆர்பிஎம்மைத் தாண்டினால்தான் விவிஏ (எஞ்சின் வால்வு திறக்கும் அளவை மாற்றும் அமைப்பு) விளக்கு எரியும். எடை குறைந்தவற்றில், சிக்னலிலிருந்து கிளம்பிக் கொஞ்சம் திருகினாலே அந்த விளக்கு எரிந்து, அணையாமல் நின்றது. நகரத்துக்குள் அது சுகமாகவே இருந்தது; நெடுஞ்சாலையில் எஞ்சின் வீணாக அலறியது, மைலேஜும் இறங்கியது. அதனால் கம்பெனி ரோலரின் எடைக்கே திரும்பிவிட்டேன்.

பெல்ட் எவ்வளவு ஏறுகிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முன்புல்லியின் முகத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, நடுவிலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் கோடுகள் இழுத்து, மூடி, நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். பெல்ட் தொட்ட இடமெல்லாம் மை அழிந்திருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கினால் இந்தச் சோதனை பயன்படாது. சுமை இல்லாதபோது பெல்ட் எளிதாக மேலே போய்விடும். என் வண்டியில் கம்பெனி ரோலரோடு விளிம்பருகே தெளிவான ஒரு மை வளையம் மிஞ்சியிருந்தது. ஸ்லைடருக்குப் பின் அது நூல்போல மெலிந்திருந்தது. பொருள் சொன்ன வேலையைச் செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால், மூடிய ஓடுதளத்தில் ஜிபிஎஸ் காட்டிய வேறுபாடு மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். காரணம் காற்று. காற்றின் தடையை மீறத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதல் சக்தி வேண்டும். ஏராக்ஸ் எஞ்சின் 8000 ஆர்பிஎம்மில் தருவது 15 பிஎஸ் (குதிரைத்திறன்). அந்தக் கணக்குப்படி அதனிடம் கேட்பது 20 பிஎஸ். பெல்ட் மேலேறுவதால் அந்தச் சக்தி எங்கிருந்தும் பிறந்துவிடாது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் கூடும் என்று உறுதி சொல்லி விற்பவரிடம் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

எனக்கு உண்மையான பயனாகத் தெரிவது வேறு. நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதிக்கப்பட்ட 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் முன்பைவிட நிதானமாக ஓடுகிறது, கைப்பிடியில் அதிர்வு குறைந்திருக்கிறது. தொலைதூரம் போகிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

பொருத்துவதில் மிகுந்த கவனம் தேவை. ஸ்லைடருக்குத் திசை உண்டு. சுழலும் திசைக்கேற்ப, உடன் வரும் படத்தில் உள்ளபடியே வைக்க வேண்டும். ஒன்றைத் தலைகீழாக வைத்தாலும் புல்லி சரியாக நகராது. கிரீஸ் தடவக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, நட்டை முறுக்கும்போது பெல்ட் இரு பாதிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளாமல் பார்ப்பது. பின்புல்லியைக் கையால் விரித்துப் பெல்ட்டை ஆழத்துக்கு இறக்கினால் முன்பக்கம் தளர்ந்து கிடைக்கும். அப்படிச் செய்யாவிட்டால் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டினாலும் நட் உண்மையில் இறுகியிருக்காது. ஓட்டத்தில் தளர்ந்து கிராங்க் முனையின் பற்களையே தின்றுவிடும். புல்லியைப் பிடித்து நிறுத்த அதன் விசிறி இதழ்களுக்கிடையே ஸ்குரூடிரைவரைச் செருகும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இதழ் உடைந்தால் முழு முகத்தையும் மாற்ற வேண்டிவரும்.

புல்லி முகத்தின் சாய்வுக் கோணத்தைக் கடைசலில் அரை டிகிரி குறைக்கும் வழக்கம் இந்தோனேசிய ஏராக்ஸ் ஓட்டிகளிடையே உண்டு. அதில் பெல்ட் கூடுதல் உயரம் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் பழைய கோணத்துக்கென வார்க்கப்பட்ட பெல்ட் புதிய முகத்தில் முழுமையாகப் படியாமல் ஓரம் தேய்ந்துபோகும். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். வாரண்டி உள்ள வண்டியாக இருந்தால், ஸ்லைடர் போடுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுவது நல்லது.

காசு செலவழிக்கும் முன் ஒருமுறை மூடியைத் திறந்து பெல்ட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். தேய்ந்து மெலிந்த பெல்ட் முன்புல்லியில் தாழ்ந்தே ஓடும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த ரோலர் பாதிவழியில் சிக்கி நிற்கும். பழைய வண்டியின் டாப் ஸ்பீடு குறைவதற்கு இவை இரண்டுமே பெரும்பாலும் காரணம். கம்பெனி பெல்ட்டும் கம்பெனி ரோலரும் புதிதாகப் போட்டாலே இழந்த வேகம் திரும்பிவிடும். அதன்பிறகும் நெடுஞ்சாலை ஓட்டத்தில் நிதானம் வேண்டுமென்றால் கம்பெனி எடையிலேயே ஸ்லைடர் வாங்குங்கள். கூடவே, ஸ்லைடர்களைப் பின்னாலிருந்து தாங்கும் ரேம்ப் தட்டின் ஓரத்தில் செருகப்படும் பிளாஸ்டிக் துண்டுகளையும் புதிதாக மாற்றுங்கள், ஏனென்றால் அவை தேய்ந்திருந்தால் தட்டு ஆடி, புது ஸ்லைடரின் மேலுறையையும் சேர்த்து அரித்துவிடும்.