கோரையைப் பிடுங்கப் போனவனிடம் 87,500 ரூபாயைப் பிடுங்கினார்கள்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 87,500 ரூபாய். என் மனைவி இருபது மாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். வீட்டிலோ பட்டறையிலோ சொந்தமாகக் கருவி செய்து, அதற்குப் பேட்டன்ட் (காப்புரிமை) வாங்கி விற்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்குப் புல்தரை பராமரிப்புதான் தொழில். கோயம்புத்தூரில் வடவள்ளி, சரவணம்பட்டிப் பக்கம் அடுக்ககங்களுக்கும் தனி வீடுகளுக்கும் புல் பதித்து, வெட்டி, உரம் போட்டுக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு எதிரி யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கோரை என்பார்கள். கொரியன் புல்லை மெத்தை மாதிரி வளர்த்து வைத்திருப்போம். ஒரு மழை பெய்தால் போதும், நடுவில் கோரை தலை நீட்டும். கையால் இழுத்தால் தாள்தான் வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். மண்ணுக்கடியில் கிழங்குக்குக் கிழங்கு நூல் பிடித்த மாதிரி தொடர்ந்து போயிருக்கும். ஒன்றை விட்டாலும் பத்தே நாளில் மறுபடி முளைக்கும். களைக்கொத்தால் தோண்டினால் கோரையோடு கொரியன் புல்லும் பெயர்ந்து, தரை அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல ஆகிவிடும்.

இதற்குத்தான் நான் ஒரு கருவி செய்தேன். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய், அதன் வாயில் ரம்பப் பல். மேலே பழைய சைக்கிள் ஹேண்டில்பார், காலால் அழுத்த ஒரு குறுக்குக் கம்பி. கோரையின் மேல் வைத்து மிதித்து அரைச்சுற்றுத் திருப்பி எடுத்தால் அரையடி ஆழத்துக்கு மண் உருளையாகக் கிழங்கோடு வந்துவிடும். குழாய்க்குள் ஒரு தள்ளுகம்பி, அதைத் திரும்ப இழுக்க பைக்கின் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். கம்பியை அழுத்தினால் மண் வெளியே விழும். தரையில் மிஞ்சுவது ஒரு ரூபாய் நாணயத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமான ஓட்டை, நாளடைவில் புல் மூடிவிடும். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் நான்கு முறை பல்லின் சாய்வை மாற்றிக் கொடுத்தார். ஒன்று செய்ய 640 ரூபாய் ஆனது. என்னைப் போல் தோட்ட வேலை செய்பவர்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். 950 ரூபாய்க்கு 22 பேருக்கு விற்றேன். அதோடு நின்றிருக்கலாம்.

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. ‘உங்கள் கண்டுபிடிப்புக்கு நாங்களே பேட்டன்ட் எடுத்து, நாங்களே விற்றும் தருகிறோம்’ என்றது. அது ஓர் இணையத் தளம். பெயரைச் சொல்ல மாட்டேன், புகார் கொடுத்திருக்கிறேன். எண்ணைப் பதிவு செய்த பத்தாவது நிமிடம் ஒரு தம்பி அழைத்தான். நல்ல தமிழ், நல்ல மரியாதை. ‘அண்ணா’ என்று தொடங்கினான். (பணம் முழுதும் போன பிறகு அது ‘சார்’ ஆனது. இப்போது மின்னஞ்சலில் நான் வெறும் ‘அன்புள்ள வாடிக்கையாளர்’.)

நான் விழுந்த இடம் எது என்று யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்ன இரண்டு கதைகள்தான். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் துணியின் மேற்பிசிறைச் சீவும் எந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதையே புல்லுக்கு வைத்தால் என்ன என்று யோசித்து முதல் புல்வெட்டும் எந்திரத்தைச் செய்து காப்புரிமை வாங்கினாராம். ‘நீங்களும் ஆலை ஊர்க்காரர்தானே அண்ணா’ என்றான். அடுத்தது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக்காரர் ஜார்ஜ் பாலஸ். 1971இல் கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, ஒரு பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு மீன்பிடி நரம்பைக் கோத்து, மரத்தடிப் புல்லை வெட்டும் கருவியைச் செய்தாராம். நான் தினமும் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரில் நரம்பு சுற்றுகிறதே, அதற்கு மூலம் அந்த டப்பா. ‘அவர் டப்பா, நீங்கள் சைக்கிள் ஹேண்டில்பார்’ என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்று இரவு மனைவியிடம் அதே கதையை நானும் சொன்னேன். வீட்டில் நானே அவர்களுக்கு இலவச விற்பனையாளன்.

இரண்டும் உண்மைக் கதைகள் என்பதுதான் வயிற்றெரிச்சல். பிறகு தேடிப் படித்தேன். பட்டிங்குக்கு ஜான் ஃபெராபி என்று ஒரு கூட்டாளி இருந்தார். எந்திரத்தைச் சீராக்கவும் காப்புரிமைக்கும் ஆன செலவை அந்தக் கூட்டாளிதான் போட்டார், பதிலுக்குத் தயாரித்து விற்கும் உரிமையை எடுத்துக்கொண்டார். பாலஸின் கருவியைப் பெரிய நிறுவனங்கள் வேண்டாம் என்றன, அவரே தயாரித்து விற்றார். ‘என்னிடம் பணம் கட்டு, நான் விற்றுத் தருகிறேன்’ என்று ஒருவன் இரண்டு கதையிலும் வரவே இல்லை. ஃபெராபி பணம் போட்ட கூட்டாளி, எனக்கு வாய்த்தது பணம் எடுத்த கூட்டாளி.

முதலில் ‘தேடல் அறிக்கை’க்கு 14,500 ரூபாய். உலகத்தில் இதுபோல் வேறு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். மூன்றாம் நாள் 11 பக்கத்தில் வந்தது, ‘ஒத்த கண்டுபிடிப்பு எதுவும் இல்லை’. அடுத்து விண்ணப்பத்துக்கு 38,000 ரூபாய். அதற்கடுத்து ‘சந்தைப்படுத்தல் தொகுப்பு’ 35,000 ரூபாய். வெளிநாட்டு வாங்குநர்கள், ஆன்லைன் கடைகள், காணொளி, ஸ்டிக்கர் எல்லாம் அதில் அடக்கமாம். மொத்தம் 87,500. சீட்டுப் பணத்தில் புது பேட்டரி மெஷின் வாங்குவதாக இருந்தது. ‘மெஷின் தேயும், பேட்டன்ட் இருபது வருஷம் இருக்கும்’ என்று மனைவியின் வாயை அடைத்தேன். அந்த வாக்கியமும் அந்தத் தம்பி கொடுத்ததுதான்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்பிலேயே, ஏற்கெனவே 22 கருவி விற்றிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ‘அருமை அண்ணா, சந்தை இருப்பதற்கு அதுவே சாட்சி’ என்றான். இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

ஜூன் 24ஆம் தேதி விண்ணப்ப எண் வந்தது. மனைவி சாமி படத்தின் முன் கைப்பேசியை வைத்துக் கும்பிட்டாள். கூடவே கூரியரில் தங்க நிறத்தில் 200 ஸ்டிக்கர், ‘காப்புரிமை பெற்றது’ என்று அச்சடித்து. புதிதாகச் செய்த கருவிகளிலெல்லாம் ஒட்டினேன். அதன் பிறகு எல்லாம் மெல்லக் காய ஆரம்பித்தது. விற்பனைப் பக்கம் என்று ஒன்றைத் திறந்து காட்டினார்கள். அதில் என் கருவியின் படமே இல்லை, எங்கிருந்தோ எடுத்த புல்வெட்டும் எந்திரத்தின் படம். மாற்றுங்கள் என்று ஐந்து முறை கேட்டேன். ‘டிசைன் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்.’ அந்தப் பக்கத்தின் வழியாக ஓர் ஆண்டில் வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. எனக்கு ஜி.எஸ்.டி. பதிவு எடுத்துத் தருகிறேன் என்றார் அவர்.

பேட்டன்ட் என்ன ஆயிற்று என்று கேட்டால் அரசாங்கத் தாமதம். அடுத்த மாதம் கேட்டால், ‘பேட்டன்ட் என்றால் பொறுமை வேண்டும் சார்’. ஒவ்வொரு முறையும் புதுக் குரல், ஒவ்வொரு குரலுக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஜனவரியில் அந்தத் தம்பியின் எண் உபயோகத்தில் இல்லை என்றது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் முதல் தடவையாக ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: நிபந்தனை 14இன்படி எந்தத் தொகையும் திருப்பித் தரப்படாது.

என் புலம்பலைக் கேட்ட வடவள்ளி வீட்டுக்காரர் (ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், நான் நான்கு வருஷமாகப் புல் வெட்டும் வீடு) தன் மகனின் நண்பரான பதிவு பெற்ற காப்புரிமை முகவரிடம் முந்தாநாள் அழைத்துப் போனார். அவர் அச்செடுத்த தாள்களைப் புரட்டி நான்காம் பக்கத்தில் விரலை வைத்தார். அரசாங்க ரசீது. நான் ஒரு வருஷமாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவே இல்லை. கட்டணம் 1,600 ரூபாய். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் அவ்வளவுதானாம். என்னிடம் வாங்கியது 87,500.

அது தற்காலிக விண்ணப்பம். ஒன்றரைப் பக்கம், படம் கிடையாது. ஸ்பிரிங்கைப் பற்றி, தள்ளுகம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரத்தையே ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். இதைப் போட்ட 12 மாதத்துக்குள் முழு விவரக் குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 12 மாதம் முடிந்தது இந்த ஜூன் 24. நான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது ஜூலையில். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

புதிதாகப் போட முடியாதா என்று கேட்டேன். ‘விண்ணப்பத்துக்கு முன்பு யாருக்காவது விற்றீர்களா?’ என்றார். 22 என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். விண்ணப்பிக்கும் முன்பே ஊரறிய விற்ற பொருள் சட்டப்படி புதியதல்ல. எந்த முகவரும் முதல் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது. அந்தத் தம்பி கேட்காமலே நான் சொன்னேன், அவன் ‘அருமை அண்ணா’ என்றான்! தெரிந்தே வாங்கியிருக்கிறார்கள். இது போதாதென்று முகவர் தன் கணினியில் கால் மணி நேரம் தேடி, மண்ணை உருளையாக எடுக்கும் களைக்கருவிகள் வெளிநாட்டுக் காப்புரிமைகளில் ஏற்கெனவே பல இருப்பதைக் காட்டினார். ஒன்றில் தள்ளுகம்பி, ஸ்பிரிங்கெல்லாம் அப்படியே இருந்தன. 14,500 ரூபாய் அறிக்கையில் ‘எதுவும் இல்லை’.

கிளம்பும்போது கையோடு கொண்டுபோன கருவியைத் திருப்பிப் பார்த்தவர் ஸ்டிக்கரைக் கண்டு, ‘இதை உடனே எடுங்கள்’ என்றார். காப்புரிமை இல்லாத பொருளை உண்டு என்று சொல்லி விற்பது காப்புரிமைச் சட்டத்தின் 120ஆம் பிரிவில் தப்பு, பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாமாம். 87,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஒரே பொருள் அந்த ஸ்டிக்கர். அதுவும் என் கழுத்துக்குச் சுருக்கு.

வரிசையாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். விண்ணப்பம் போடும்வரை யாருக்கும் விற்காதீர்கள், காணொளியும் போடாதீர்கள். பதிவு பெறாதவர் காப்புரிமை முகவராகத் தொழில் செய்யக் கூடாது என்று 129ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசுத் தளத்திலேயே இருக்கிறது, பதிவு எண்ணைக் கேளுங்கள். பேட்டன்ட் எடுப்பவனும் விற்றுத் தருபவனும் ஒரே ஆள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி ஆட்களுக்காகவே 1999இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அவ்வளவு பழைய வித்தை. காந்திநகரில் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன் என்று மத்திய அரசின் உதவியில் நடக்கும் அமைப்பு இருக்கிறது. என்னைப் போலப் படிப்பில்லாமல் கருவி செய்பவர்களின் காப்புரிமை வேலைக்கு அவர்களே உதவுகிறார்களாம். ரசீதைத் திறந்து பாருங்கள், நான்காம் பக்கமாக இருந்தாலும். ஏமாந்தது தெரிந்தால் அன்றே இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கும் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கும் அழையுங்கள், என்னைப் போல ஒரு வருஷம் கழித்து அல்ல. நான் நேற்றுதான் அழைத்தேன்.

நேற்று மாலை வீட்டிலிருந்த 31 கருவிகளிலும் ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினோம். மனைவி பேசவில்லை, துணியை மட்டும் நனைத்து நனைத்துக் கொடுத்தாள். ஸ்டிக்கரோடு விற்றுப்போனவை 19. ஒவ்வொருவராக அழைத்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். 16 பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்று பேர் போனை எடுக்கவில்லை, காலையில் அவர்கள் வீட்டுக்கே போக வேண்டும்.